காசநோய்ப் பரிசோதனைக்குச் சிக்காமல் இருப்பது எப்படி?

மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்துவிட்டதா? சீக்கிரமே சுகாதார நிலையத்து அக்கா நோட்டும் கையுமாக வருவார். மாமனாரை இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, வீட்டில் மற்றவர்கள் யார் யார் என்று ஆரம்பிப்பார். "நானும் அவரும்தான்" என்று சொல்லிவிடுங்கள். கொடியில் காயும் பள்ளிச் சீருடையை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்த அஸ்திரம், "எனக்கு இருமலே இல்லையே!" கிருமி உடலுக்குள் தூங்கிக் கிடக்கும் மறைநிலைத் தொற்றில் இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது. பெரும்பாலும் எக்ஸ்ரேயும் சுத்தமாக வரும், அடுத்தவருக்கும் பரவாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பின்னால் நோயாக எழும். நீங்கள் மீதி தொண்ணூறில்தான் இருக்கிறீர்கள் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தாலும் தீர்மானத்தை மாற்ற வேண்டாம்.

இழுத்துக்கொண்டு போய் மாண்டோ ஊசி போட்டேவிட்டார்களா? கலங்காதீர்கள், அதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. முன்கைத் தோலுக்குள் 0.1 மி.லி. மருந்தை ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வரச் சொல்வார்கள். திங்களன்று போட்டால் புதன் முகூர்த்தம், வியாழன் ராகவேந்திரர் கோயில். சனிக்கிழமை சாவகாசமாகப் போய்க் கையை நீட்டினால் அந்த ஊசி வீண். தப்பித்தவறி நேரத்துக்குப் போனாலும் சிவப்பைக் காட்டி வாதாடிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது தடிப்பு. பால்பாயிண்ட் பேனாவைத் தோல்மேல் மெல்ல நகர்த்தி, தடிப்பில் முட்டி நிற்கிற இடத்தில் நிறுத்துவார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுவே ஸ்கேல் வைத்து 10 மில்லிமீட்டர் இருந்தால் பாசிட்டிவ். "சின்ன வயசில் பிசிஜி போட்டது, அதான்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி உண்மை இருப்பதால் இது நல்ல சாக்கு. ஆனால் பிசிஜிக்கு ஏமாறாத இக்ரா ரத்தப் பரிசோதனையும் சை-டிபி ஊசியும் இருக்கின்றன. அவற்றின் பேச்சு எழுமுன் கிளம்பிவிடுங்கள்.

பரிசோதனையைத் தள்ளிப்போட்டாலும் மாமனாரின் டம்ளரைத் தள்ளிவைக்க மறக்காதீர்கள். அடியில் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி. இந்தக் கிருமி காற்றில்தான் பரவும், டம்ளரில் இல்லை என்பார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிக ஆபத்தில்லை என்று சென்னையில் நடந்த ஓர் ஆய்வு எப்போதோ காட்டிவிட்டது என்றும் சொல்வார்கள். புள்ளி இருக்கட்டும்.

பாசிட்டிவ் ஆனவர்களுக்குத் தடுப்பு மாத்திரை, வாரம் ஒருமுறையாக 12 வாரம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லித்தான் கொடுப்பார்கள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, இரண்டாம் வாரம் அதையே சொல்லி நிறுத்திவிடலாம்.

5 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் இந்த வித்தைகள் பலிக்காது. குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானதும், தொற்றுக்கான பரிசோதனை எதற்கும் காத்திராமல் தடுப்பு மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். டீ கொடுத்து அக்காவின் பேச்சை மாற்றிப் பார்க்கலாம். குடித்து முடித்து, "பாப்பா எங்கே?" என்பார்.