இருவேலை இடைக்கோடை: சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

பழைய வேலையை விட்டாயிற்று. புதிய வேலையில் இன்னும் சேரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கோடையில் மாட்டிக்கொண்ட தமிழனை இதுவரை எந்த இலக்கணமும் கண்டுகொண்டதில்லை. அவனை வேலையில்லாதவன் என்பது பிழை. வேலையில்லாதவன் கையில் ஆஃபர் லெட்டர் இருக்காது. இவனிடம் இருக்கிறது, சேரும் தேதி மாறிவிடவில்லையே என்று அவ்வப்போது செல்போனில் திறந்து பார்த்துக்கொள்கிறான். விடுப்பில் இருப்பவன் என்பதும் பொருந்தாது, விடுப்பு கேட்பதற்கு ஒரு மேலதிகாரியாவது வேண்டும். ஆகவே இக்கட்டுரை அவனை இடைவேலையன் என்று குறிக்கிறது. பெண்ணுக்கும் இதே இலக்கணம்தான். ஆனால் பெண் இடைவேலையரைக் களத்தில் காண்பது அரிது. அந்த மாதத்துக்கான வேலைகளை வீடு அவர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது.

சட்டம் இவனை அறியாததல்ல. மத்திய அரசு ஊழியர் ஒருவரை ஊர் மாற்றினால், புதிய இடத்தில் போய்ச் சேர 1979-ஆம் ஆண்டு விதிகள் அவகாசம் தருகின்றன. 1,000 கிலோமீட்டர் வரை 10 நாள், அதற்கு மேல் 12, 2,000-ஐத் தாண்டினால் 15. சும்மா இருக்கும் உரிமை தூரத்தோடு சேர்ந்து வளரும் என்பது அரசே ஒப்புக்கொண்ட கோட்பாடு. தனியார் துறையில் இந்தத் தத்துவ விசாரணை எதுவும் நடக்கவில்லை. விட்டுப் போகிறவனிடம் 90 நாள் நோட்டீஸ் கேட்கும் அதே கம்பெனி, வந்து சேர்கிறவனிடம் ‘இமீடியட் ஜாய்னர்தானே?’ என்கிறது. தேதிக் குளறுபடியால்தான் நடுவே ஒரு மாதம் தப்பிப் பிழைக்கிறது. பிப்ரவரி முதல் தேதி கடிதம் கொடுத்தவனுக்குச் சாதாரண ஆண்டில் 90-ஆவது நாள் மே 1. தொழிலாளர் தினத்தன்று தொழில் போகிறது. புதிய இடத்தில் ஜூன் முதல் தேதிதான் சேர்க்கை. நடுவில் இருப்பது கத்திரி.

இந்த மாதத்தைப் பெருநகரில் கழிக்க வேண்டும் என்று வாதாடும் மரபு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் சென்னையில் வேலை பார்த்தும் கன்னிமரா நூலகத்தின் படியேறியதில்லை, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதுகூடத் தெரியாது, இப்போதாவது ஆற அமரப் பார்க்கலாமே என்பது அவர்கள் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணி மெட்ரோவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்காத ஒரே ஆளாக நிற்பதை ஒருவன் எத்தனை ஸ்டேஷன் தாங்குவான் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மலைதான் என்று முடிவான பிறகும் எந்த மலை என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஊட்டி ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் அரசாங்கமே கோடைதோறும் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு ஏறிய ஊர் அது. அந்தக் குளிரில் வேலையின் வாடை கலந்திருக்கிறது. மேலும் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. என்றைக்கு வருகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள் என்று படிவம் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தவன் இடைவேலையனே அல்லன். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி ஏறினாலோ, கண்டக்டருக்கு வேண்டியது சில்லறை மட்டும்.

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் தலைமைச் செயலகம் எதுவும் வந்து குந்தவில்லை. வந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். 1820-களில் கலெக்டர் வேலையோடு வேலையாக இந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார், கிரேஞ்ச் எஸ்டேட்டை உண்டாக்கினார். பார்க்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்கும் பழக்கம் இங்கே இருநூறு ஆண்டு வேர் விட்டது என்பதற்கு இதுவே சான்று.

இனித் திணை. ஆறாம் திணை என்று அறிவித்துவிடுங்களேன் என்று நண்பர்கள் சொன்னார்கள். அங்கே இடம் காலியில்லை. சித்த மருத்துவர் கு. சிவராமன் அந்தப் பெயரை உணவுக்கு எடுத்துக்கொண்டார். புலம்பெயர்ந்தோர் பனி கொட்டும் நிலத்துக்கு அதைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். இணைய இதழ் ஒன்றும் அதே பெயரில் வந்தது. எனவே இவ்வாய்வு புதுத் திணை கோரவில்லை; திணை மயக்கத்தோடு நின்றுகொள்கிறது. நிலம் குறிஞ்சி. பொழுதோ பாலைக்குரிய வேனில். உரிப்பொருள் புணர்தலும் அல்ல, பிரிதலும் அல்ல, முல்லைக்குரிய இருத்தல். வினைமுடித்துத் தலைவன் திரும்பும் வரை தலைவி ஆற்றியிருப்பாள் அல்லவா, அதே ஆற்றியிருத்தல்தான். என்ன, இங்கே வரவேண்டியது எச்.ஆர். மெயில். இரண்டு நிலம் ஒன்றாக மயங்காது என்று தொல்காப்பியர் சொன்னாரே தவிர, பொழுதும் ஒழுக்கமும் கலப்பதை அவர் தடுக்கவில்லை.

கருப்பொருள்கள்: தெய்வம் சேயோன் அல்லன், சேர்வராயன். 5,326 அடி உயரத்தில், தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டிய குகைக்கோயிலில் காவேரியம்மனோடு இருக்கிறார். வேண்டுதல் எதுவானாலும் குனிந்த நிலையிலேயே வைக்க வேண்டியிருப்பதால் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேச முடிவதில்லை. மரம் சில்வர் ஓக்: ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பிக்கு நிழல் கொடுக்க வரவழைக்கப்பட்டது, வந்த இடத்தில் மிளகுக்கொடியைத் தாங்கும் பொறுப்பும் தலையில் விழுந்தது, ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை. உணவு மிளகாய் பஜ்ஜி. பறை, வைப்ரேஷனில் போட்ட செல்போன்.

இங்கே இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்புக்கு வருகிறோம். மே மாதத்தில் இந்த மலையே வேலைக்கும் வேலைக்கும் நடுவில்தான் இருக்கிறது. காப்பியை எடுத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்ததும் சில நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாய்ப் பூத்து, மல்லிகை வாசம் அடித்து, அந்த வாரத்திலேயே உதிர்ந்துவிடும். பழம் பறிப்பது நவம்பருக்கு மேல். மே மாதம் தோட்டத்து வேலியோரம் நின்று கிளையைக் குனிந்து பார்த்தால், இலைக்கணுவில் பூ வாடிய பழுப்புத் தும்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, அதனடியில் குண்டூசித் தலையளவில் பச்சையாய் ஒரு கொத்து. அவ்வளவுதான். இனி அவசரமே இல்லை. கிளியூர் அருவி இன்னும் வெளிப்படையானது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அதற்குத் தண்ணீர்; வழியாத மாதங்களில் சுமார் 300 அடி உயரப் பாறை, அருவி என்ற பதவியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது. படியிறங்கிப் போய் அதைப் பார்த்துவிட்டு ‘தண்ணியே இல்ல, இதுக்கா இவ்ளோ தூரம்’ என்று சண்டை போடுகிறவர்கள் ஒருநாள் சுற்றுலாவினர். இடைவேலையன் மட்டும் பாறையோடு பகை பாராட்டாமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறான். குறிஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது என்று பலர் நினைக்கும் நீலக்குறிஞ்சி சேர்வராயன் மலையிலும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். நடுவே பதினோரு ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அதை எந்த நேர்முகத் தேர்விலும் கேட்பதில்லை. பூத்த ஆண்டில் பேட்டி எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் ஏறி வருகிறார்கள்.

சுற்றுலா வாடகைக்கார் டிரைவர்கள் வைத்திருக்கும் பட்டியலுக்கு ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று எல்லாம் சேர்த்தே ஒரு பகல் போதும். சாயங்காலம் அடிவாரத்தில் டீ. இப்படி முடித்துவிடக்கூடிய மலையை முடிக்காமல் வைத்திருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது சம்பளம் வருகிறவனுக்கு வாய்ப்பதில்லை, திங்கட்கிழமை குறுக்கே நிற்கிறது.

இருக்கைகளைப் பற்றி ஒரு குறை. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மனித குலத்தை மூன்றாகப் பிரித்து உட்காரவைத்த மலை இது. ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் மாலைதோறும் வந்து உட்கார்ந்ததால் முதல் பெயர் வந்தது என்கிறார்கள். ஏதோ வேலையாக வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அவர் இத்துறையின் முன்னோடி. அங்கிருந்து பார்த்தால் மலைச்சாலை மடிந்து மடிந்து இறங்குவதும், அதற்கப்பால் சேலம் மாநகரம் மொத்தமும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்ப்பரப்பும் தெரியும் என்பார்கள். பெருநகர மரபினருக்கு இவ்வாய்வு தரும் பதில் இதுதான்: நகரத்தைச் சுற்றிப் பார்க்கச் சிறந்த இடம் அதற்குப் பல ஆயிரம் அடிக்கு மேல். காலை பத்து மணிக்கு அந்தக் கம்பியில் சாய்ந்துகொண்டு, கீழே ஓர் ஊரே பஞ்ச் அடிக்க ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் உள்ள சுகத்தை மியூசியத்தில் வைக்க முடியாது.

ஆனால் மலை மக்களின் வகைப்பாட்டு முறை கடுமையானது. இரண்டு நாளுக்கு மேல் தங்கும் வெளியூர் ஆள் மூன்றே வகை: இடம் வாங்க வந்தவர், ஓடிவந்த காதல் ஜோடியில் ஒருவர், சினிமாவுக்குக் கதை விவாதம் செய்ய ரூம் போட்டவர். மூன்றாவதற்குச் சரித்திர நியாயம் உண்டு. 1930-களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இதே ஏற்காடு சாலையில்தான் இருந்தது; அதன் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. அந்த வளைவைக் கடந்து ஏறி வந்து, கையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

ஏரிக்கரைப் பஜ்ஜிக் கடை அக்காவிடம் எடுத்த களக்குறிப்பு வருமாறு.

“ஏந்தம்பி, நேத்தும் வந்தீங்க, முந்தாநேத்தும் வந்தீங்க. எடம் கிடம் பாக்குறீங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப படக் கம்பெனியா?”

“அதுவும் இல்லக்கா. ஒண்ணாந் தேதி புது வேலையில சேரணும். அதுவரைக்கும் சும்மா இருக்கேன்.”

அக்கா மிளகாயைக் கீறி, மாவில் முக்கி, எண்ணெயில் விட்டு, ஜல்லிக்கரண்டியால் ஒருமுறை புரட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா இப்பிடிச் சொல்லிராதீங்க. எடம் பாக்குறேன்னே சொல்லுங்க.”

இக்குறிப்பு மேலும் ஆராயத்தக்கது. தங்கும் விடுதிப் பதிவேட்டிலோ வருகையின் நோக்கம், தொழில் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் கோடு போட்டால் மேனேஜர் நிமிர்ந்து பார்க்கிறார். ‘டூர்’ என்று எழுதினால் விட்டுவிடுகிறார். தனியாகவா, இத்தனை நாளா என்ற ஐயம் மட்டும் அறைச் சாவியோடு கூடவே வருகிறது.

மே மாதத்திலேயே கோடை விழாவும் வருகிறது, மலைவாழ் மக்களின் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வருகிறது. கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை, அவர்கள் மலை அது. கோடை விழாவில் கூட்டம் தாங்காமல், ஏறுவோர் இருபது கொண்டை ஊசி வளைவுச் சாலையிலும் இறங்குவோர் குப்பனூர்ச் சாலையிலும் திருப்பிவிடப்படுவார்கள். அந்த நாட்களில் களப்பணி சாத்தியமில்லை. உட்கார இடம் கிடைப்பதில்லை. உட்கார்ந்தாலும் யாராவது போட்டோ எடுத்துத் தரச் சொல்கிறார்கள்.

இன்னொரு தடை முறையியல் சார்ந்தது. மாதத்தின் மூன்றாம் வாரத்தில் புதிய கம்பெனி எச்.ஆரிடமிருந்து, ஒரு வாரம் முன்னாலேயே சேர முடியுமா என்று வாட்ஸ்அப் வருவது வழக்கம். மலையில் சிக்னல் இல்லை, செய்தி இப்போதுதான் பார்த்தேன் என்பது இதற்கு மரபான விடை. ஆனால் செய்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக அவருக்கு ஏற்கெனவே இரண்டு டிக் விழுந்திருக்கும். சிக்னல் இல்லை என்று உடனே பதில் போட்டால் சிக்னல் இருப்பது உறுதியாகிவிடும். போடாவிட்டால் அவர் அழைப்பார். பகோடா பாயிண்டில் எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றால் அழைப்பு வராது என்பது குறித்து அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.