மொட்டைமாடித் திணையில் கணவர்: ஓர் ஆய்வு

வீட்டிலிருந்தபடியே பொடி, வடாம், முறுக்கு செய்து விற்கும் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. பாட்டில்களை அடுக்கிவைத்துவிட்டு அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படமும் கூடவே வரும். உற்றுப் பார்த்தால் படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, செல்லோ டேப்போடு ஒரு முழங்கை தெரியும். அந்த முழங்கைக்கு உரியவரைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் நம் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் திருச்சியில் ஒரு வீடு. ஆய்வாளர் அவ்வீட்டின் கணவரே என்பதால் அவருடைய நடுநிலை பற்றிச் சிலருக்கு ஐயம் எழலாம். எழட்டும்.

முதல், கரு, உரி என்று பகுத்துக்கொண்டு தொடங்குவது நம் மரபு. இத்தொழிலுக்கு உரிய நிலம் மொட்டைமாடியும் மொட்டைமாடி சார்ந்த இடமும். பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். இவை பாலைக்கு உரியவை ஆயிற்றே என்று தமிழ் படித்தவர்கள் தடை எழுப்புவார்கள். பாலையேதான். சித்திரை மாதத்தில் திருச்சி மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நின்றவர் யாரும் இதை மறுக்கமாட்டார். கருப்பொருள்களில் பறவை காக்கை, விலங்கு அணில், உணவு வடாம் கூழ், பறை ஒரு பழைய தாம்பாளமும் கரண்டியும். உரிப்பொருள் பிரிவு. தலைவி கீழே அடுப்படியில், தலைவன் மேலே வெயிலில். பொருள்வயிற் பிரிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்ட முடியாது. தோழியின் இடத்தில் கைபேசி இருக்கிறது. “ஏங்க, தூங்கிட்டீங்களா?” என்பதே அது கொண்டுவரும் தூது.

காக்கை குறித்து ஒரு சிறு விளக்கம் தேவை. வடாம் வேட்டியின் நான்கு மூலையிலும் வற்றல் மிளகாயைப் போட்டு, பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்துவைத்தால் காக்கை அண்டாது என்பது முன்னோர் கொள்கை. கள ஆய்வில் இது முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகிறது. அதன்பின் காக்கை அசைகிற ஆளுக்குத்தான் பயப்படுகிறது. நாளிதழ் படிக்கும் கணவரை அது குடையோடு சேர்த்தே கணக்கிடுகிறது.

இத்திணைக்கு வடக்கிலும் சான்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் சரக்கு 4 பாக்கெட். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் ஆயிற்று. முதல் ஆண்டு மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லாமல் 4 மாதம் வேலை நின்றுபோனது. மறு ஆண்டு அவர்கள் கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை மூட்டினார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஆய்வுக்கு வேண்டியது வேறொரு செய்தி. அந்த அமைப்பில் பெண்கள் மட்டுமே உறுப்பினர்; ஆண்களைக் கணக்கர், ஓட்டுநர், காவலர் போன்ற வேலைகளுக்குச் சம்பளத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள். எண்ணுவது, சுமப்பது, காப்பது என்ற மூன்றும் ஆணுக்குப் பொருந்தும் என்று அன்றே தீர யோசித்திருக்கிறார்கள். ருசி பார்ப்பதை அவர்கள் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் சேர்க்கவில்லை என்பது முறுக்கு சுடும் நாளில் விளங்கும். எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் மாவில் இருந்த ஈரம் போய்விட்டது, எடுக்கலாம் என்று பொருள். எடுத்ததில் உடைந்ததை விற்க முடியாது; அது கணவருக்கு. இவ்விதி நடைமுறைக்கு வந்த பிறகு, கணவர் பொட்டலம் கட்டும் நாட்களில் உடைசல் கூடுதலாக இருப்பது தெரியவருகிறது. காரணம் இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும். ருசி பற்றி அவர் சொல்லும் கருத்தோ “நல்லாருக்கு”, “உப்பு கொஞ்சம்” என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். உப்பு கூடவா குறைவா என்பதை அவர் சொல்வதில்லை.

தொழிலைப் பதிவு செய்யும் வேலை கணவருடையது. ஓடிபி வருவது அவர் எண்ணுக்குத்தான் என்பதால் இப்படி அமைந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் இப்படிப்பட்ட சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வைத்தன; பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண் கைக்கு வந்த மாலையிலிருந்து கணவர் “நம்ம கம்பெனி” என்று பேசத் தொடங்குகிறார். லேபிளில் சைவத்துக்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் வேண்டும். சேர்பொருள்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். சிக்கல் இந்த வரிசையில்தான் வருகிறது.

“பருப்புப் பொடிக்குப் பெருங்காயம் எவ்வளவு?”

“ஒரு திட்டம்தான்.”

“கிராம்ல சொல்லு.”

“கண்ணால பாத்துப் போடறதுக்குக் கிராம் எங்கேருந்து வரும்?”

ஆகவே அறிவியல் முறை கையாளப்பட்டது. எலெக்ட்ரானிக் தராசின் மேல் கிண்ணத்தை வைத்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, வாணலிக்குப் பக்கத்தில் கணவர் நின்றார். மனைவியின் கை ஒவ்வொரு முறை டப்பாவிலிருந்து வெளியே வரும்போதும் கிண்ணத்தை நீட்டி வாங்கி, எடை குறித்து, அதன்பின் வாணலியில் கொட்ட விட்டார். மிளகாய் வறுபடும் நெடியில் இருமிக்கொண்டே குறித்தார். “ஏங்க, பருப்பு தீயுது, தள்ளுங்க” என்ற எச்சரிக்கைகள் குறிப்பேட்டில் தனியே பதிவாகியுள்ளன. அடுத்தடுத்த ஈடுகளிலும் இவ்வாறே நிறுத்துப் பார்த்ததில், கண் திட்டம் ஒரு கிராமுக்கு மேல் பிசகவில்லை. தராசின் மீது கணவருக்கு இருந்த மரியாதை அன்று சற்றுக் குறைந்தது.

இனி விலை. இவ்வாய்வில் தலையாய பகுதி இதுதான். அலுவலகப் பழக்கத்தில் கணவர் எக்செல் திறக்கிறார். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், பூண்டு, கேஸ், கரண்ட், கவர், லேபிள் எல்லாம் ஏறுகின்றன. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பைக் பெட்ரோல், பைசா சுத்தமாக, ஒரு தனி வரியில் ஏறுகிறது. கூட்டி, அதன்மேல் பத்து சதவீதம் லாபம் வைத்து, “இதுதான் நியாயமான ரேட்” என்கிறார். பருப்பைப் புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் காட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பக்குவம் பார்த்து வறுத்தது யார் என்பதற்கு அந்தத் தாளில் வரியே இல்லை. சூட்டோடு அரைத்தால் ஆவி மிக்ஸி மூடியில் வியர்த்துப் பொடிக்குள் இறங்கும், கட்டி தட்டும், சீக்கிரம் கெடும் என்பதற்காக ஆறும்வரை காத்திருந்த நேரமும் இல்லை. மின்விசிறிக்குக் கண்டன்சர் மாற்ற வந்தவர் பத்து நிமிடத்துக்குக் கேட்ட கூலியை இதே கணவர் பேரம் பேசாமல் கொடுத்தவர்தான்.

இம்முரண்பாட்டுக்கு ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கம் இது. கல்யாணமான நாள் முதல் இதே பொடியைச் சுடுசோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, விலை கேட்காமல் சாப்பிட்டு வந்தவர் அவர். அதிலிருக்கும் உழைப்பு அவர் நாக்குக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது. மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பெட்ரோல் வரிக்குக் கீழே “என் கூலி” என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, எதிரே ஒரு தொகையையும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கணவர் கவலைப்பட்டார். வாங்கினார்கள்.

வாங்காதவர்கள் உறவினர்கள், அவர்கள் எடுத்துக்கொள்பவர்கள். “நமக்குள்ள என்னடா காசு?” என்று பெரியம்மா இரண்டு பாட்டிலைப் பைக்குள் வைக்கும்போது மருமகள் வாய் திறக்க முடியாது, திறந்தால் அது பத்து வருடத்துக்குப் பேச்சு. அவ்விடத்தில் “பெரியம்மா, ஜிபே பண்ணிடுங்க” என்று சொல்ல வேண்டியவர் கணவர். எக்செல்லை விட, லேபிளை விட, இந்த ஒரு வாக்கியம் தொழிலுக்குப் பயன்பட்டது. சொல்லும்போது தொண்டை அடைக்கும். பெரியம்மா மாதக்கணக்கில் போன் செய்யமாட்டார். அப்புறம் தீபாவளி வரும். அவரே கூப்பிட்டு முழு விலைக்குத் தேன்குழல் கேட்பார்.

தேன்குழல் என்றதும் அச்சு. ராத்திரி கடைசி ஈடு எடுத்தபின் அச்சின் கண்களில் மாவு காய்ந்து பாறையாகியிருக்கும். ஊறவைத்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுக்க வேண்டும். இதற்குக் கருத்துச் சொல்லும் திறமை வேண்டாம். உட்காரப் பொறுமை இருந்தால் போதும். கணவர் செய்யக்கூடிய உதவிகளில் மனைவி ஒருமுறைகூடத் திருத்தாதது இது ஒன்றே என்பதால் இதையே ஆய்வாளர் முதல் இடத்தில் வைக்கிறார், பெரியம்மாவிடம் காசு கேட்பதற்கு இரண்டாம் இடம், எக்செல்லுக்கு இடமில்லை.

இத்துறையில் மேலும் ஆராய விரும்பும் கணவர்கள் தத்தம் வீட்டுச் சிங்க்கிலிருந்தே தொடங்கலாம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளி ஆர்டரைப் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள். சாம்பிள் கேட்காதீர்கள். எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்பினால், டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள்.