சம்மாட்டியாரின் டீசல் தாங்கிக்கு ஒரு புகழ்மாலை

கடலே காணாத மாத்தளை மாவட்டத்து நாவுலவில் இருந்துகொண்டு, அலைகடல் ஆளும் சம்மாட்டியார் பெருமானின் பலநாள் படகைப் புகழ எமக்கு என்ன அருகதை? எங்கள் ஊர் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு அற்பப் புத்தி. டீசலில் தண்ணீர் கலந்தால் இருமி நின்றுவிடும். வயற்காரரும் வரப்பேறி வீட்டுக்கு நடந்துவிடுவார். வரப்பே இல்லாத இடத்தில் ஆட்களை நிறுத்திவைக்கும் பேராண்மை எங்களுக்கு ஏது!

முதலில் தாங்கியைத் தொழுவோம். டீசல் ஊற்றும் வாயின் மூடியை அலை வந்து கழுவும் தளத்திலேயே வைத்த கருணையே கருணை. ரப்பர் வளையம் வெடித்த அந்த மூடி, கடலரசனை வாசலில் காக்கவைக்கும் அநாகரிகம் அறியாதது. துறையில் தாங்கியைப் பாதி வெறுமையாய் விட்டுவைப்பதும் ராஜதந்திரம்தான். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று வியர்த்து, சுவரோடு வழிந்து, டீசலோடு சேரும். 2022 ஜூனில் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறிய டீசலையும் காசில்லாத தண்ணீரையும் சமபந்தியில் இருத்திய சமதர்மம் வேறெங்கு உண்டு? கனத்த தண்ணீர் அடியில் இறங்க, இரண்டும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறிக் கறுப்புக் கஞ்சி காய்ச்சுகின்றன. அந்த அன்னதானத்துக்கு இடையூறு வரலாகாதென்றே அடியில் வடிகுழாயோ, கைவிட்டுக் கழுவ ஒரு வாயோ வைக்காமல் அடைத்துவிட்டார்கள்.

இரண்டு பில்டரைப் பக்கத்துப் பக்கம் பூட்டி, ஒன்று அடைத்தால் வால்வைத் திருப்பி மற்றதற்கு மாறுவது கோழைகளின் ஏற்பாடு. அடியில் கண்ணாடிக் குவளை மாட்டி, பிரிந்த தண்ணீரைப் பார்ப்பதோ பிறர் அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். பெருமானின் எஞ்சினுக்கு ஒரே பில்டர், ஏகபத்தினி விரதம்! பம்பிலும் நோசிலிலும் இடைவெளி சில மைக்ரோன்தான், தலைமயிர் அங்கே பெருமரம். அந்த நுட்பத்துக்குக் காவல் போன வருடத்துப் பில்டர்.

கடல் அமைதியாய் இருக்கும்வரை கஞ்சி பணிவோடு உறங்கும். காற்று எழும்பி அலை புரட்டும்போதுதான், தடுப்புத் தகடு இல்லாத தாங்கிக்குள் துள்ளியெழுந்து, பில்டரை அடைத்து, எஞ்சினை நிறுத்தும். எந்தக் கணத்தில் ஓடியே ஆகவேண்டுமோ அந்தக் கணத்தில் பிசகாமல் நிற்கிறதே, நம்பகத்தன்மைக்கு இதைவிட நற்சான்று வேண்டுமா? அப்போது படகோட்டும் தண்டையல் கொதிக்கும் எஞ்சினைக் கட்டிப்பிடித்து, பில்டரைக் கழற்றி, எயார் எடுப்பார். உறிஞ்சுகுழாயின் தளர்ந்த கிளிப் வழியே எயார் மறுபடி புகும். மறுபடி எடுப்பார். இவ்வளவு பெரிய தவத்தை, கரையில் நிழலில் இருந்தபடியே பிறருக்கு அருளும் வள்ளல் யார்?

இந்த எஞ்சினுக்குப் பெயர் தந்த ருடோல்ஃப் டீசலே 1913 செப்டெம்பர் 29 இரவு கப்பலிலிருந்து கடலில் மறைந்தவர். மூலவர் போன வழியைத் தொழிலாளிகளுக்கும் திறந்துவைத்த சம்மாட்டியாரின் குருபக்தியை என்னென்பது!

குறை சொல்லவும் ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடைபோட்ட காலத்தில் பலநாள் படகுகளில் செய்மதிக் கருவி பூட்டினார்கள். அந்தக் கோள்மூட்டி, படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லிவிடுகிறது. நல்லவேளை, ஏன் நிற்கிறது என்று சொல்வதில்லை. இரண்டு நாளாய் அசையாத புள்ளியைக் கேள்வியுற்ற பெருமான், நல்ல மீன்பாடு போலிருக்கிறது என்று மகிழ்ந்து ஐஸ் லொறிக்குச் சொல்லியனுப்பினார்.