கூடத்து நெய்தல்: மாடி வீட்டில் கடல் அமைத்தலின் திணை இலக்கணம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பதோடு சான்றோர் நிறுத்திக்கொண்டது அக்காலத்தில் சிலிக்கான் பசை புழக்கத்தில் இல்லாமையால் என்க. இருந்திருந்தால் 'கடலைக் கட்டிப் பார்' என்பதும் சேர்ந்திருக்கும். வீட்டுக் கூடத்தில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டியைத் தன் கையாலேயே கட்டி எழுப்பும் குடும்பத் தலைவர்களை உலகம் மீன் வளர்ப்போர் என்று கருதுகிறது. அது பிழை. அவர்கள் நெய்தல் திணையை மாடியேற்றுவோர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இத்துறைக்கு முன்னோர் உண்டு. 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோய் உயிரோடு காப்பாற்றிக் காட்டியவர் ஆன்னா தைன் என்ற சீமாட்டி. காப்பாற்றிய முறைதான் கவனிக்கத்தக்கது. பணிப்பெண் ஒருவர் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னலருகே நின்று கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஆற்றினார். உலகின் முதல் ஏர் பம்ப் சம்பளத்துக்கு வேலை பார்த்தது என்பது இதனால் பெறப்படும். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலை பொதுமக்களுக்கு மீன் கூடம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் இங்கிலாந்து வீடுகளில் தொட்டிப் பித்தைக் கிளப்பிவிட்டது. நம் மெரினாவிலேயே 1909இல் மீன் காட்சிசாலை வந்தாயிற்று. இவர்கள் எல்லாரும் தொட்டிக்குள் நடப்பதை ஆராய்ந்தார்கள். தொட்டிக்கு வெளியே, சோபாவில் நடப்பதை ஆராய்ந்தார் இலர்.

அக்குறையை நீக்க நாம் தேர்ந்த ஆய்வுக்களம் சென்னையில், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூருக்கு அருகே உள்ள அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடி. முன்பு ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி. ஆகவே ஐயமற மருத நிலம். இங்கேதான் முதல் சிக்கல். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் இரண்டு நிலங்கள் ஓரிடத்தில் மயங்கா என்பது தொல்காப்பியர் விதி. நம் தலைவன் அதை மயக்கினான். எப்படி மயக்கினான் என்பதை முதல், கரு, உரி என்ற வரிசையிலேயே காண்போம்.

முதற்பொருளுள் முதலாவது நிலம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 850 லிட்டர் கொள்ளும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், கல், மணல் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. தொட்டி நீர் மட்டுமே அதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அற்றேல் தளம் இடிந்து விழாதோ எனின், அந்தக் கணக்கு அறை முழுதுக்கும் பரவலாகச் சொன்னது. பீமுக்கு மேலே, சுவரோரமாக வைத்தால் பெரும்பாலும் தாங்கும் என்க. 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கேட்டுத் தூக்கம் கெட்டவர் முதல் மாடிக்காரர். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டிய பிறகே அவர் மீண்டும் உறங்கினார்.

கண்ணாடியின் கதை இதனினும் விந்தை. இந்தத் தொட்டி நிறைந்தால் முன்பக்கக் கண்ணாடியை நீர் அரை டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். அந்த விசை நீரின் உயரத்தையும் கண்ணாடியின் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது. பின்னால் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. பின்னால் இரண்டடி நீர் இருந்தாலும் சரி, வங்காள விரிகுடாவே இருந்தாலும் சரி, கண்ணாடிக்கு ஒன்றுதான். தலைவன் தன்னைக் கடலைத் தடுத்தவனாக எண்ணிக்கொள்வதில் இயற்பியல் நோக்கில் தவறில்லை என்று தீர்ப்பளிக்கிறோம்.

அடுத்தது பொழுது. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. தொட்டி விளக்கையும் தலைவன் பிற்பகலில்தான் எரியவிடுகிறான். ஆபீஸ் விட்டு வந்தபின் பார்க்க வேண்டுமே. இலக்கணம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. பெரும்பொழுதில்தான் இடறல். நெய்தலுக்கு ஆறு பருவமும் உரியவை. தொட்டிக்கோ ஒரே பருவம், 25 டிகிரி. கத்திரி வெயிலிலும் 25 டிகிரி. இதற்குச் சில்லர் வேண்டும். சில்லர் நீரின் சூட்டை எடுத்துக் கூடத்தில் கொட்டும். கூடம் கொதித்ததும் ஏசி வேண்டும். மின்சாரம் போனால், சூடேறும் உப்புநீரில் உயிர்வளி குறைவாகவே தங்குமாதலால், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் வேண்டும். இரு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதைத் தலைவி குறித்துவைத்திருக்கிறாள். தலைவன் குறித்துவைத்திருப்பது நீரின் வெப்பநிலையை மட்டுமே.

கருப்பொருளுள் தலையாயது தொழில். நெய்தல் மாந்தர் உப்பு விளைத்தனர். நம் தலைவன் வாங்குகிறான். தொட்டியை முதல்முறை நிரப்ப ஏறக்குறைய 30 கிலோ. அதன்பின் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதால் மூன்று கிலோ. மூடி போட்ட வாளியில், வெளிநாட்டிலிருந்து வருகிறது. "ஏங்க, பஸ் ஏறினா பீச்சு. தூத்துக்குடி உப்பு அண்ணாச்சி கடையில இருக்கு. உப்பைப் போயா கூரியர்ல வரவழைப்பீங்க?" என்ற தலைவியின் வினா நியாயமானது. 1930இல் ஒரு கைப்பிடி உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த நாடு இது.

ஆனால் விடை உண்டு. கூவமும் அடையாறும் கலக்கும் கரைநீரை மீனுக்குக் கொடுப்பதற்கில்லை. உப்பளத்திலோ கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்பே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் படிவதே நம் சாம்பாருக்கு வருவது. அது சோடியம் குளோரைடு, கடல் அன்று. தலைவன் இதை விளக்கி முடித்தபோது குக்கரில் மூன்று விசில் வந்திருந்தது. தலைவி அடுப்படியில் இருந்தாள்.

இனி மீன். தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரம் மீனே கிடையாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேறக் காத்திருக்க வேண்டும். அதுவரை வெறும் தண்ணீர், விளக்கு, அலை. பார்க்க வந்த உறவினர் "மீன் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்க, அவன் சிறு கண்ணாடிக் குப்பியில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, நிறம் மாறுவதைப் பக்தியோடு காட்டுகிறான். நெய்தலுக்குத் தெய்வம் வருணன் என்ற கூற்றை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது.

நுரை பிரிக்கும் கருவியாகிய ஸ்கிம்மரின் கோப்பையைத் தலைவன் சமையலறைத் தொட்டியில் கழுவியது ஆய்வின் திருப்புமுனை. கோப்பையில் இருந்தது டிகாக்‌ஷன் நிறம். மணம் மட்டும் காசிமேடு. மாமியார் ஒன்றும் பேசவில்லை. பில்டரை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டார்.

முதலில் குடியேறியவை கோமாளி மீன்கள் இரண்டு. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைக் கைக்கொண்டு பிறருக்கும் கற்றுத் தந்துள்ளது; ஆகவே பண்ணை மீனைக் கேட்டு வாங்குவதே அறம். இவ்வினத்தில் பெரியவள் பெண், ஆட்சி அவளுடையது. அவள் இறந்தால் அவள் துணைவனே பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கும். தலைவன் தலைவியாவதற்கு அகப்பொருள் இலக்கணத்தில் விதி இல்லை. புலவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பவளம் மட்டும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாப் பவளம் என்று எவரேனும் காதோடு சொன்னால், அந்த இடத்தை விட்டு அகல்க. செராமிக் கல் போதும். பாக்டீரியா வேறுபாடு பார்ப்பதில்லை.

உரிப்பொருளுக்கு வருவோம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மருதத்தின் மேல் நெய்தலை ஏற்றினால் என்ன நிகழும்? இரண்டும் நிகழும், முறை தவறாமல். கூரியர் வந்த நாள் முதல் ஊடல். தலைவி தன் அக்காளாகிய தோழிக்குப் போனில் உரைத்தது பதிவுசெய்யத்தக்கது: "மீனுக்கு ஏசி, எனக்கு விசிறி." பின்னர் ஒரு நாள் நள்ளிரவில் மின்தடை நீண்டு, இன்வெர்ட்டரும் ஓய்ந்தது. தலைவன் வெளியூரில். விடிவதற்குள் தலைவி மக்கை எடுத்து, தொட்டி நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அருகே மாமியார் டார்ச் பிடித்தார். 1846ஆம் ஆண்டுத் தொழில்நுட்பம் இது, எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மீன்கள் பிழைத்தன. தலைவன் திரும்பி வந்தபோது அவனுக்குக் கிடைத்த வரவேற்பை ஊடலில் சேர்ப்பதா இரங்கலில் சேர்ப்பதா என்பதில் எமக்கே இருவேறு கருத்து உண்டு.

முதல் மாடிவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கூடத்துக் கூரையில் ஈரம் தென்பட்டால் உடனே பிளம்பரை அழைக்காதீர்கள். விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். கரித்தால் மேல் மாடிக்குப் போங்கள். கரிக்காவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஈரம் குளியலறைக்கு நேர் கீழே என்றால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.