புழுவுக்கும் ஒரு கேள்வி-பதில்

நாட்டுக்கோழிக்கு எந்தப் புழு மருந்து நல்லது? (நாமக்கல்)

எந்தப் புழுவுக்கு? பைப்பரசின் கொடுத்தால் பெரிய உருளைப்புழு வெளியேறும். முடிப்புழுவும் நாடாப்புழுவும் வாடகை கொடுக்காமல் அப்படியே இருக்கும். ஃபென்பென்டசோல் முதல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் வேண்டும். கோழி இட்ட முட்டையை எண்ணியது போதும். எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, புழு இட்ட முட்டையை எண்ணச் சொல்லுங்கள். அளவையும் அவரே சொல்லட்டும்.

என் தோட்டத்து மயிலுக்கும் அதையே கொடுக்கலாமா? (விராலிமலை)

‘என்’ மயிலா? 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது! நோய்வாய்ப்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மருந்தைக் கோழிக்குக் கொடுத்தாலே மயிலுக்கும் உபகாரம்தான். கோழிக் குடலில் வாழும் ஹெட்டராகிஸ் புழுவின் முட்டைக்குள் ஏறிப் பயணம் செய்கிறது ‘கருந்தலை நோய்’க் கிருமி. கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழியும் மயிலும் செத்துப்போகலாம்.

மருந்து கொடுத்த மறுநாளே ஆம்லெட் போடலாமா? (பல்லடம்)

உங்களுக்கும் பூச்சி மருந்து பாக்கி இருக்கிறதா? எத்தனை நாள் பொறுப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும். லேபிளைப் படியுங்கள்.

கோழி வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குகிறதே, திருஷ்டியா? (தேனி)

சளி நோயாக இருக்கலாம். மூச்சுக்குழாயில் ஒரு தம்பதி குடியேறியும் இருக்கலாம். சிங்காமஸ் புழுவில் ஆணும் பெண்ணும் கவட்டை மாதிரி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டே வாழும். திருஷ்டிப் பூசணிக்கெல்லாம் பிரியாத ஜோடி!