பிராங்பர்ட்டில் ஒரு செக்ரோல்

நான் பிறந்தது கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். எங்கள் குடும்பத்தைப் பற்றிய தரவு முழுவதும் (அப்போது அதற்கு இந்தப் பெயர் கிடையாது) தோட்டத்து ஆபிஸில், பெரிய கிளாக்கரின் முதுகுக்குப் பின்னால் நின்ற மர அலுமாரியில் இருந்தது. அப்பாவின் பெயர், வயது, செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவேடு) நம்பர், மாதத்தில் எத்தனை முழுப்பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர், அரிசிக்குப் பிடித்தது, கம்பளிக்குப் பிடித்தது, கோயிலுக்குப் பிடித்தது. யாரும் எங்களிடம் சம்மதம் கேட்டதில்லை. சம்பள நாளன்று கிளாக்கரையா இதையெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி உரக்க வாசிப்பார். யாருக்கு எவ்வளவு கடன் என்பது கடைசி லயத்துக் கடைசிக் காம்பிரா வரை தெரிந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில், கூரையைத் தொடாத இடைச்சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அந்தப் பக்கத்து இருமலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தனியுரிமை என்று ஒன்று உண்டு என யாராவது சொல்லியிருந்தால், எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்திருப்போம்.

இன்று அக்கா மகனுக்குக் கண்டி டவுனில் கணினி வேலை. ஜெர்மன் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியலில் விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் சரியா என்று பார்த்துத் திருத்த வேண்டும். பட்டியல் இருப்பது பிராங்பர்ட் சர்வரில். இவன் கண்டியில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறான். ஒரு வரிகூடத் தன் கணினியில் இறக்கிக்கொள்ள முடியாது.

"சும்மா பார்க்கிறதுக்கு இவ்வளவு கெடுபிடியா தம்பி?"

"பார்த்தாலே தரவை இலங்கைக்கு அனுப்பின கணக்குதான் மாமா. அதுக்கே தனி ஒப்பந்தம் போட்டிருக்காங்க."

அவன் சொன்னது சரிதான். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தரவு ஐரோப்பாவை விட்டு நகரவே கூடாது என்று சொல்லவில்லை. போகிற இடத்திலும் அதே பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. வேறொரு நாட்டிலிருந்து திரையில் எட்டிப் பார்ப்பதும் அதன் கணக்கில் அனுப்புவதுதான். உங்கள் நாட்டுப் பாதுகாப்பு எங்களுக்குப் போதும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு சில நாடுகளுக்குச் சான்று கொடுத்திருக்கிறது. ஜப்பானுக்கு உண்டு, நியூசிலாந்துக்கு உண்டு, தென்கொரியாவுக்கு உண்டு. இலங்கைக்கு இல்லை, இந்தியாவுக்கும் இல்லை. அதனால்தான் மருமகனின் கம்பனி ஐரோப்பியர்கள் 2021 ஜூனில் எழுதிவைத்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு அந்தப் பட்டியலைத் திறக்கிறது.

எனக்குத் துண்டு ஞாபகம் வந்தது. பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கைப்பட எழுதிய துண்டு வேண்டும். இன்ன ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். கங்காணி அதைக் காட்டிப் புதுத் துரையிடம் பணம் வாங்குவார். பழைய கடன் புதுக் கடனாகும். ஆள் மட்டும் மலை மாறுவார். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இப்போது கொழுந்தெடுப்பவர் நகர்வதற்குத் துண்டு வேண்டாம். அவர் பேரன் பிராங்பர்ட்டைப் பார்ப்பதற்கு வேண்டும்.

தரவில் ஆளின் பெயரை மறைத்து எண்ணாக்கி வைப்பது நல்லது என்றும் அந்த ஒழுங்குவிதி பரிந்துரைக்கிறது. துரைமார் இதில் நூறு வருடம் முந்திக்கொண்டார்கள். இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாம் வழியாகத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரவில்லை தொங்கியது. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயருக்கு அதில் இடமே இல்லை.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. அது பாதிக் கேள்வி. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, அமெரிக்க நிறுவனத்தின் கையில் உள்ள தரவு எந்த நாட்டு சர்வரில் இருந்தாலும், முறையான உத்தரவு வந்தால் அந்த நிறுவனம் அதை ஒப்படைக்க வேண்டும். சர்வர் பிராங்பர்ட்டில், சொந்தக்காரர் கலிபோர்னியாவில். தோட்டம் கலஹாவில், முதலாளி லண்டனில் என்ற ஏற்பாட்டுக்குள் பிறந்த எங்களுக்கு இது விளங்காமல் போகுமா? ஸ்டெர்லிங் கம்பனித் தோட்டங்களை 1975இல் அரசு எடுக்கும் வரை எங்கள் தலைக்கணக்கு லண்டன் மின்சிங் லேன் பக்கத்துக் கந்தோர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நாங்கள் வழக்குப் போடவில்லை. ஐரோப்பாவில் போட்டார்கள். மக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர், சட்ட மாணவராக இருந்தபோது தொடங்கிய சண்டையில், அமெரிக்காவுக்குத் தரவு போக இருந்த ஏற்பாட்டை 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்துச் செய்தது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டையும் 2020இல் ரத்துச் செய்தது. மூன்றாவது ஏற்பாடு 2023இல் வந்திருக்கிறது.

சரி, கண்டிக் கிழவனுக்கு இதனால் என்ன? ஒன்று உண்டு. அந்த ஐரோப்பிய ஒழுங்குவிதி ஆளின் குடியுரிமையைக் கேட்பதில்லை. ஐரோப்பாவில் நிலைகொண்ட நிறுவனத்திடம் என் படங்களை நான் சேமித்தால், நான் கண்டி கட்டுக்கலையில் குடியிருந்தாலும் எனக்கும் அதே உரிமை: கேட்டுப் பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களைப் பிரஜைகள் இல்லை என்று ஒதுக்கியது. அடுத்த வருடச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இத்தனை வருடம் இங்கேயே இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி கிளாக்கரின் அலுமாரியில் இருந்தது. கைநாட்டு வைத்த ஆள் அதைத் திறக்க முடியாது.

பிறகு 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. அத்தை குடும்பம் கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கொடுத்த குடும்ப அட்டையோடு தலைமன்னாரில் கப்பலேறியது. தமிழ்நாட்டில் அந்த அட்டைதான் அவர்களுக்கு முகம். தொலைத்தவர் பாடு திண்டாட்டம். அவர்களின் தரவு எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வரும் என்று யாரும் வாதாடவில்லை. ஆட்களே எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வருவார்கள் என்பதுதான் வழக்காக இருந்தது.

இப்போது நமக்கும் சட்டம் உண்டு: 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஐரோப்பிய விதியைப் பார்த்து எழுதியது. அரச நிறுவனங்கள் பொதுவாகத் தரவை நாட்டுக்குள்ளேயே கையாள வேண்டும் என்றும் எழுதினார்கள். முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன, தள்ளிப்போட்டார்கள். நாட்டுக்குள் வைத்தால் பத்திரம் என்றால் 2023ஐ மறக்க வேண்டும். அந்த ஆண்டு இலங்கை அரசின் கிளவுட்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலப்பகுதிக்குத் தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை. ஐரோப்பாவில் வைத்தால் பத்திரம் என்பவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: 2021 மார்ச் 10 அதிகாலையில் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஒரு பெரிய தரவு நிலையம் தீப்பிடித்தது. மாற்றுப் பிரதியையும் அதே வளவுக்குள் வைத்திருந்தவர்களில் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கிளாக்கரின் அலுமாரியில் கறையான் மட்டும்தான் ஏறியது.

இந்திய நன்கொடையோடு வரவிருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டையைப் பற்றித்தான் இன்றைக்கு மேடைக்கு மேடை பேச்சு. நம் கைரேகை இந்தியாவுக்குப் போய்விடுமாம், நாட்டின் தரவு போனால் நாடே போச்சாம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கேள்வியும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையும் ரேகையுமாக ஐந்து இலட்சம் பேரை அனுப்ப ஒப்பந்தம் போட்டபோது இப்படிப் பதறியவர்கள் மிகக் குறைவு.

எனக்கு சர்வர் எங்கே இருந்தாலும் சரி. அதைத் திறக்கிறவர் யார், பிழையிருந்தால் நான் சொல்லித் திருத்த முடியுமா என்பதுதான் விஷயம். தோட்டத்து ஆபிஸில் எங்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் மூன்றாவது பெயர் என்று அலைகிற பென்ஷன் வயதுக்காரர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர். புதுச் சட்டம் திருத்தக் கேட்கும் உரிமையையும் தருகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக முதலில் அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பழைய செக்ரோல் துண்டு, குடும்ப அட்டை எது இருந்தாலும் கொண்டுபோங்கள். பிரதியைக் கொடுங்கள், அசலை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.