ஜன்னல் கட்டுக் கோப்பை: கண்டி இல்லங்கள் குறித்த ஓர் ஆய்வு

கண்டியைப் பற்றி எழுதாத அறிஞர் குறைவு. தலதா மாளிகைக்கு நூல்கள் உண்டு. எசல பெரஹராவுக்கு உண்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவிக்கும் உண்டு. ஆனால் குசினி ஜன்னல் கட்டில், விம் கட்டிக்கும் கம்பிநாருக்கும் நடுவே கவிழ்ந்து கிடக்கும் அந்த ஒற்றைக் கோப்பையைப் பற்றி யாரும் ஒரு பந்தி எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நீக்க முன்வருகிறேன்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். வீட்டைக் கூட்டித் துடைத்து, சட்டி பானை கழுவி, உடுப்புத் தோய்த்து, தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுப் போக ஓர் அக்கா வருவார். பத்து மணி வாக்கில் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அது ஊற்றப்படும் கோப்பைதான் இது. வேறு யாரும் அதில் குடிப்பதில்லை, அவரும் வேறெதிலும் குடிப்பதில்லை. அம்பிட்டிய, அனிவத்தை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என்று எந்தத் திசையில் போனாலும் இது தென்படுகிறது. தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமும் இல்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்குச் சான்று தேடி அலுத்த அரசாங்கங்கள் குசினிகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

களப்பணி கடினமானது. முன்விறாந்தையில் உட்கார வைக்கப்படும் விருந்தாளியின் கண்ணுக்கு இந்தக் கோப்பை அகப்படாது. "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?" என்று எழுந்து குசினிப் பக்கம் நடப்பதே ஆய்வாளருக்கு உள்ள ஒரே வழி. "ஐயோ, உள்ள வராதீங்க தம்பி, குசினி கெடக்கிற கெடையில!" என்று வீட்டம்மா ஓடி வருவதற்குள் ஜன்னல் கட்டைப் பார்த்துவிட வேண்டும். கண்ணும் காலும் ஒருங்கே இயங்கவேண்டிய ஆய்வுமுறை இது. பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுவதில்லை.

இனி மாதிரிகள். இக்கோப்பையை யாரும் கடையில் வாங்குவதில்லை என்பது என் முதல் கண்டுபிடிப்பு. அது பதவி இறக்கத்தால் உருவாவது. கல்யாணத்துக்கு வந்த ஆறு கோப்பை செட் கண்ணாடி அலுமாரிக்குள் வாழ்வைத் தொடங்குகிறது. ஒரு தீபாவளிக்கு ஒன்று விளிம்பு சிதறுகிறது. உடனே அது அலுமாரியிலிருந்து இறங்கி அன்றாடத் தட்டுக்கு வந்து, வீட்டார் கோப்பையாகிறது. இரண்டாவது முறை அடிபட்டு வெடிப்பு விழுந்தால் ஜன்னல் கட்டுக்குப் போய்விடுகிறது. அதற்குக் கீழே கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பதவி ஒன்றுதான் மிச்சம். கைபிடி போன எனாமல் குவளைகள், பல்கலைக்கழகம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்ட மகனின் பாலர் வகுப்புப் பரிசுக் கோப்பைகள், பால்மாப் பெட்டியோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் வகைகள் எல்லாம் இந்த விதிக்கு உட்பட்டவையே.

வட்டபுலுவவில் ஒரு வீட்டில் கண்ட மாதிரியை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பீங்கான். ஏதோ ஒரு வங்கி தன் ஆண்டு நிறைவுக்கு வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. நீல எழுத்தில் பெரும்பகுதி விம்மில் கரைந்து, 'ஆண்டு சேவை' என்ற இரண்டு சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. எத்தனை ஆண்டு என்பது அழிந்துவிட்டது. விளிம்பில் நகக்கண் அளவு சில்லு, அங்கிருந்து கைபிடி வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. உட்புறத்தில் தேயிலைச் சாயம் வளையம் வளையமாக ஏறியிருக்கிறது. வீட்டார் கோப்பைகளில் ஏறும் சாயத்தை உப்புப் போட்டுத் தேய்த்து எடுப்பவருக்குத் தன் கோப்பைக்கு நேரம் கிடைப்பதில்லை என்று இதை வாசிக்கலாம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்புக் கியூடெக்ஸில் ஒரு பொட்டு. விருந்து நாளில் எல்லாக் கோப்பைகளும் ஒன்றாகக் கழுவப்படும்போது மாறிவிடக் கூடாதே! அந்தப் பொட்டை வைத்த தூரிகைக்கு இருந்த முன்யோசனை நம் தொல்பொருள் திணைக்களத்துக்கு இருந்திருந்தால் எத்தனையோ சிலைகள் காணாமற் போயிருக்காது.

இவ்வழக்கம் கண்டிக்கு எப்போது வந்தது? பழைமை நாடுவோர் அரசர் காலத்தைச் சுட்டலாம். அவர்களுக்கு என் பதில், றொபட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கைதியாகக் கிடந்து, 1679இல் தப்பிய ஆங்கிலேயர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் கண்டியர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மண் சட்டிகள், பாய், கூடை, உரல் உலக்கை, ஒன்றிரண்டு ஆசனங்கள். அவற்றிலும் முதுகு சாயும் ஆசனம் அரசனுக்கு மட்டுமே, குடிகளுக்கு முதுகில்லாதது. கண்டியர் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தில் வாய் வைப்பதில்லை, தூக்கிப் பிடித்து வாய்க்குள் ஊற்றிக்கொள்வார்கள் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். ஆக, எவர் வாயும் எந்தப் பாத்திரத்திலும் படாத ஊரில் தனிப்பாத்திரப் பிரச்சினைக்கு வேலையே இல்லை. (யாழ்ப்பாணத்தார் இந்த இடத்தில் மூக்குப் பேணியைக் கொண்டு வந்து வைப்பார்கள். அந்த அழகான பித்தளைச் சாமானும் வாய் படாமல் குடிப்பதற்கென்றே வடிக்கப்பட்டது. ஆனால் அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

1815இல் கண்டி அரசு போனது. முதுகு சாயும் ஆசனம் குடியரசாகி, இன்று பிளாஸ்டிக் கதிரையாகச் சந்திக்குச் சந்தி அடுக்கி விற்கப்படுகிறது. என்றாலும் பத்து மணித் தேத்தண்ணிக்கு அக்கா எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். துருவலைப் பலகையில், அல்லது குசினி வாசற்படியில். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். அரசன் போனாலும் அவன் போட்ட ஆசனச் சட்டம் கண்டிக் குசினிகளில் இன்னும் அமுலில் இருக்கிறது.

அப்படியானால் கோப்பை? அது தேயிலையோடு வந்தது என்பதே என் கோட்பாடு. கொதிக்கும் தேத்தண்ணியை எட்டத்தில் தூக்கிப் பிடித்து வாய்க்குள் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. உதடு விளிம்பில் பட்டே ஆகவேண்டும். உதடு பட்டதும் யாருடைய உதடு என்ற கேள்வி பிறந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். முதலில் தொழிற்சாலை கிடையாது. தம் பங்களா விறாந்தையிலேயே கொழுந்தை மேசையில் போட்டுக் கையால் உருட்டுவித்தார். இலங்கையின் பெரும் ஏற்றுமதித் தொழில் ஒரு வீட்டு விறாந்தை வேலையாகத் தொடங்கியிருக்கிறது என்பதைப் பொருளியலாளர் கவனிக்க. டெய்லர் 1892இல் இறந்து மஹியாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கண்டி நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அதே மஹியாவை. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைத் தோட்ட லயங்களிலிருந்து காலை பஸ்ஸில் நகரத்து வீடுகளுக்கு வரும் அக்காக்களில் பலருடைய அம்மாவும் அம்மாச்சியும் கொழுந்து பறித்தவர்கள். பறித்தவர் மகளுக்குத்தான் வெடித்த கோப்பை.

சட்டப் பிரிவுக்கு வருவோம். வீட்டு வேலையாளைக் கண்காணிப்பதில் இந்நாட்டுச் சட்டம் மிகச் சுறுசுறுப்பானது. 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையாட்களைப் பதிவு செய்து ஆளுக்கொரு கைப்பதிவேடு கொடுக்க வழி செய்தது. வேலையை விட்டு நீங்கும்போது எசமான் அதில் வேலையாளின் நடத்தையைக் குறிக்க வேண்டும். எசமானின் நடத்தையை வேலையாள் குறிக்க அதில் இடம் விடப்படவில்லை. பிறகு 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. கடை, உணவகம் முதலிய பொது இடங்களில் சாதி பார்த்து ஒதுக்குவது குற்றமாயிற்று. சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றினார்கள். 1960களின் பிற்பகுதியில் போராடித்தான் கண்ணாடிக் குவளையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டு இரட்டைக் குவளைக் கடைகளின் கதையும் இதற்கு அண்ணன் தம்பி. ஆனால் இவை எல்லாம் கடைகள். குசினி பொது இடமல்ல, ஆகவே சட்டத்தின் கை அதன் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 2016இல் மாதம் 10,000 ரூபா என்று தேசிய ஆகக்குறைந்த வேதனத்தை நிர்ணயித்த 3ஆம் இலக்கச் சட்டமும் வீட்டு வேலையாளை 'வேலையாள்' என்ற வரைவிலக்கணத்துக்கு வெளியே விட்டது. சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றிய பிறகு நடந்தது இது. மலையகப் பெண்கள் முன்னின்று 2012இல் வீட்டுப் பணியாளருக்கென ஒரு தொழிற்சங்கத்தையும் கட்டிய பிறகு.

தனிக்கோப்பையை ஆதரிப்போர் இரு சாரார். ஒரு சாரார் சுகாதாரவாதிகள். "நோய் நொடி பரவக் கூடாது பாருங்க" என்பது அவர்கள் வாதம். 2020இல் கொரோனா வந்ததும் அவர்களுக்குப் புதுத் தெம்பு பிறந்தது. இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: வீட்டில் உள்ள எல்லாக் கோப்பைகளையும் கழுவுவது யாருடைய கை? அரிசி அரிப்பது, தேங்காய்ப்பால் பிழிவது, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவது? பிழிந்த பாலில் இல்லாத கிருமி குடித்த கோப்பையில் மட்டும் எப்படிக் குடியேறுகிறது என்று பேராதனை மருத்துவ பீடத்தார்தான் விளக்க வேண்டும். மற்றச் சாரார் பாசவாதிகள். "அவ எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்று தொடங்குவார்கள். வீட்டுப் பிள்ளைகளின் கோப்பைகள் தட்டில் இருக்க, இந்தப் பிள்ளையின் கோப்பை மட்டும் ஜன்னலில் ஏன் என்று கேட்டால் பேச்சு காலநிலைக்குத் திரும்பும். கண்டியில் மழைக்குக் குறைவில்லாததால் அந்தப் பேச்சு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். புதிதாய் எழும் மாடி வீடுகளில் ரோபோத் துடைப்பான் வாங்கி, தேத்தண்ணி கேட்காத வேலையாள் என்று பெருமைப்படும் மூன்றாவது சாராரையும் சந்தித்தேன். அது கதிரைக் காலில் சிக்கி முனகும்போது தூக்கி விடுவது அக்காதான்.

2022 பொருளாதார நெருக்கடி ஆய்வாளருக்கு ஓர் இயற்கைப் பரிசோதனைக் கூடம். அதற்கு முன் வீட்டாருக்குப் பால் தேத்தண்ணி, அக்காவுக்குப் பிளேன்டீ. பால்மா பக்கெட்டுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் ஐயா, அம்மா, டியூஷனுக்குப் போகும் பிள்ளை, அக்கா எல்லோருக்கும் ஒரே பிளேன்டீ, ஒரே சீனித் துண்டு. உள்ளே இருப்பது சமமாகிவிட்டது. கோப்பை மட்டும் அப்படியே ஜன்னலில் இருந்தது. காசுக்காகத்தான் இந்த வித்தியாசம் என்ற விளக்கம் இதோடு அடிபட்டுப் போகிறது.

எதிர்த் தரப்புச் சான்றை மறைப்பது ஆய்வு நேர்மைக்கு அழகல்ல. வட்டபுலுவக் கோப்பைக்கு உரியவரிடமே கேட்டேன். "அந்தக் கோப்பதான் நல்லது தம்பி. மத்ததெல்லாம் சின்னது, ரெண்டு மடக்குக்குப் பத்தாது" என்றார். என் கையில் இருந்ததோ கண்ணாடி அலுமாரியிலிருந்து இறக்கப்பட்ட, தங்க விளிம்புள்ள, இரண்டு மடக்குக்குப் பத்தாத கோப்பை. என் கோட்பாட்டின் அடித்தளம் ஆடியது. தொடர்ந்து அவரே சொன்னார்: குவைத்தில் இருந்த நான்கு வருசமும் அங்கும் தனிக் கோப்பைதானாம். திரும்பி வரும்போது ஒரு கண்ணாடிக் கோப்பை செட் வாங்கி வந்திருக்கிறார். லயத்து வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, பெட்டியோடு இருக்கிறது. "யாராச்சும் வந்தா அதுலதான் ஊத்திக் குடுப்பேன்." நீங்கள் எதில் குடிப்பீர்கள் என்றேன். "எனக்கு எதுல குடிச்சா என்ன தம்பி" என்று சொல்லிவிட்டு, வங்கிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

இந்த ஆய்வு முற்றுப்பெற மாதிரிகள் போதவில்லை. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய உருளைகள், உலர்த்திகள், டெய்லரின் நினைவுப் பொருட்கள் எல்லாம் அங்கே உண்டு. கண்டிவாழ் வாசகர்கள் தத்தம் ஜன்னல் கட்டுக் கோப்பைகளை அதற்கு அன்பளிப்பாகக் கொடுத்துதவினால் ஒரு தனி மாடியே நிரப்பலாம். கொடுத்த மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவுக்கு எந்தக் கோப்பையில் ஊற்றுவது என்று வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தையைத் தயவுசெய்து ஒரு வரி விடாமல் எழுதி வையுங்கள். இரண்டாம் பாகம் அதைக் கொண்டுதான் எழுதப்பட வேண்டும்.